பந்தக்காலுக்குக் கீழே

ஊர் முழுக்க நெட் செத்துக் கிடந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மட்டும் அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முதல் குழப்பமே அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்தது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டின் ஓரத்தில் எங்கள் மனை. என் கணவர் கோபாலகிருஷ்ணன் கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடிக்கே திரும்பிவிடலாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். கடற்காற்று உடம்புக்குப் பழகிவிட்டது என்று சொல்லி இங்கேயே வீடு கட்டினார். கட்டியதோடு விட்டாரா? காம்பவுண்டுக்குள் ஒரு பிடி மண் கண்ணில் படாமல் டைல்ஸ் பதித்தார். மழை பெய்தாலும் சேறு கிடையாது என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பெருமை. என் துளசிகூடத் தொட்டியில்தான் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் பெண் வைஷாலிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பந்தக்கால் நட மண் இல்லை. டைல்ஸை உடைக்க இவருக்கு மனசும் இல்லை. அபார்ட்மென்ட்காரர்கள் செய்வதுபோல் ஒரு பெயின்ட் பக்கெட்டில் மணலைக் கொட்டி அதில் காலை நிறுத்தினோம். மறுநாள் அடித்த காற்றில் பக்கெட்டோடு குப்புற விழுந்தது. அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். பக்கெட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பக்கெட் கண்ணில் படுவதே பிடிக்கவில்லை. கடைசியில் அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

அதனால் இந்த வருஷம் செங்கல்பட்டிலிருந்து நல்ல இடம் அமைந்ததும், கால் மண்ணில்தான் இறங்க வேண்டும், அதுவும் ஆழமாக இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஈசானிய மூலையாகவும் இருக்க வேண்டும், மண்ணாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைத்த ஒரே இடம் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபாலன் கடப்பாரையோடு வந்தார். எங்களுக்குப் பின்னால் இருக்கிற மாதா கோயில் தெருக்காரர்; டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டு, இந்த மாதிரி வெளி வேலைக்கும் வருகிறவர். முழங்கால் ஆழம் வந்ததும் போதுமா என்று நிமிர்ந்து பார்த்தார். இன்னும், இன்னும் என்று நான் கையைக் காட்டினேன்.

"இன்னாவோ தட்டுதும்மா கீழ. வேரா பைப்பான்னு தெர்ல," என்றார் பூபாலன்.

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது, வேராகத்தான் இருக்கும், ஓங்கிப் போடுங்கள் என்றார். பூபாலன் ஓங்கிப் போட்டார். சுமங்கலிகள் பால் விட்டோம், நவதானிய முடிச்சைக் கட்டினோம், மாவிலையும் மஞ்சளுமாகக் கால் நெடுநெடுவென்று நின்றது. நான் போய் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்கி எழுந்தபோது எங்கள் கேட்டுக்கு வெளியே ஆட்கள் போனும் கையுமாக நின்றிருந்தார்கள். எங்கேயும் நெட் இல்லையாம். டவரில் கோடெல்லாம் முழுசாகக் காட்டுகிறதாம், ஆனால் ஒன்றும் திறக்க மாட்டேன் என்கிறதாம், பேசக்கூட முடியவில்லையாம். டீக்கடையில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்க முடியாமல் ஒரே தகராறு. கோபாலகிருஷ்ணன் வீட்டில் மட்டும் ஓடுகிறது என்பது எப்படியோ பரவி, ஓய்வு பெற்ற சயின்டிஸ்டுக்கு அரசாங்கம் தனி லைன் கொடுத்திருக்கிறது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. இவரும் இல்லை என்று மறுக்காமல் லேசாகச் சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டவர் ஆகாயத்தில் வாங்கி ஆகாயத்தில்தானே கொடுக்கிறது, அதற்கு என்ன கேடு என்று இவரிடம் கேட்டேன். டவருக்கும் காலடியில் பூமிக்குள் கேபிள் வர வேண்டும், அது அறுந்தால் டவர் வெறும் இரும்பு என்றார். அப்படியானால் நமக்கு எப்படி வருகிறது? நம்முடையது கல்பாக்கம் பக்கத்திலிருந்து எதிர்வாடைக் கம்பத்தின் வழியாகத் தலைக்கு மேலே வருகிறது. அவர்களுடையது திருக்கழுக்குன்றத்திலிருந்து தரைக்குள் வருகிறது. அப்படியானால் ஒரே ரோட்டில் இரண்டு இன்டர்நெட்டா? இன்டர்நெட் ஒன்றுதான், வழிதான் இரண்டு என்றார். தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன் என்று சொல்ல முடியாது.

மாமல்லபுரம் போகும்போதெல்லாம் கடலைக் காட்டி, இதற்கு அடியில் சிங்கப்பூர் வரைக்கும் கேபிள் கிடக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். மீன் கடிக்காதா என்று கேட்டால், அதற்கு மேல் எத்தனை உறை என்று விளக்குவார். சிங்கப்பூர் வரைக்கும் பார்த்த கண்ணுக்கு வாசலில் என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். ஏசுபாதம் என்பவர் அவர்களுக்குத் தலைவர். கையில் சின்னப் பெட்டி. கேபிளின் ஒரு முனையில் வெளிச்சத்தை அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று தூரம் சொல்லுமாம் அந்தப் பெட்டி. சொன்ன தூரத்தை ரோட்டில் சக்கரம் உருட்டி அளந்தார்கள். டீக்கடை வாசலில் தோண்டினார்கள். கேபிள் முழுசாக இருந்தது. மூடிவிட்டுப் பிள்ளையார் கோயில் பக்கம் தோண்டினார்கள். அங்கேயும் முழுசு. பிறகு ஹார்டுவேர் கடை வாசல். கடைக்காரர் சண்டைக்கு வந்தார். இவர் வேடிக்கை பார்க்கப் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னார்: பெட்டி சொல்வது கேபிளின் நீளத்தை, ரோட்டின் நீளத்தை இல்லை. அங்கங்கே குழிக்குள் உபரிக் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எங்கே எவ்வளவு சுருட்டினோம் என்பது பதித்தவர்களுக்குத்தான் தெரியும். பதித்தவர்கள் இப்போது வேறு காண்டிராக்டில் வேறு ஊரில். போதாததற்கு ஒரே குழாய்க்குள் பல கம்பெனிகளின் கேபிளாம். ஒருவருடைய குழாயில் இன்னொருவர் வாடகைக்கு; அவருடைய கேபிளில் மற்றொருவர் வாடகைக்கு. வேறொரு வண்டியில் வந்தவர்கள் எட்டிப் பார்த்து, இது எங்களுடையது இல்லை என்று போய்விட்டார்கள். அவர்களுக்கும்தான் நெட் இல்லை.

ஒவ்வொரு குழியாக எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குத்தான் நெட் இருக்கிறதே, அதனால் எங்கள் வாசலை யாரும் சந்தேகப்படவில்லை. நானும்தான். சாயங்காலம் மோர் கொடுக்கலாம் என்று சொம்போடு போனேன். ஏசுபாதம் பெட்டியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், பிறகு மாவிலை கட்டிய எங்கள் பந்தக்காலை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இங்கதாம்மா கீது. உங்க காலுக்குக் கீழ," என்றார்.

மோர்ச் சொம்பு என் கையிலேயே இருந்தது. காலைப் பிடுங்கினால்தான் ஆகும் என்று அவர் சொன்னதை இரண்டு முறை கேட்டேன். அறுந்த முனைகள் இரண்டையும் வெளியே எடுக்க வேண்டும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை நுழைய இடம் வேண்டும், ஒட்டிய பிறகு இணைப்புப் பெட்டியை அதே குழியில் புதைக்க வேண்டும். காலை வைத்துக்கொண்டு எதுவும் நடக்காது. இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றிப் புதுக் கேபிளைத் தலைக்கு மேலே இழுத்து வர வேண்டும். அதற்கு மின்வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாரக் கணக்காகும்.

வைஃபையில் புரோகிதரைக் கூப்பிட்டோம். நட்ட காலைக் கல்யாணம் முடியும் முன்னால் எடுக்கிற வழக்கமே இல்லை, எடுத்தால் அவருக்குத் தெரிந்து பரிகாரமும் இல்லை என்றார். என் நாத்தனார் ஜெகதாம்பாள் கல்யாணத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து முன்கூட்டியே வந்திருந்தாள். பக்கெட் விழுந்ததை அவள்தான் ஞாபகப்படுத்தினாள், எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்து. இவர் இத்தனை வருஷம் அணுவைப் பிளந்தவர்; காலை எடுக்க வேண்டாம் என்று என்னை முந்திக்கொண்டு சொன்னது இவர்தான். முகம் வெளிறியிருந்தது. வைஷாலி மட்டும், போன வருஷம் ஆடினது மாப்பிள்ளை வீடுதாம்மா, பக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கல்யாணம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஏசுபாதத்திடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஒரு கல்யாணத்துக்காக ஊர் சில நாள் நெட் இல்லாமல் இருந்தால் என்ன, எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹெலன் வேலை விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

அதை அன்று ராத்திரி வைஷாலிதான் சொன்னாள். ஹெலன் பூபாலனின் பெண். பட்டப்படிப்பு முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கம்ப்யூட்டரைக் கம்பெனியே அனுப்பியிருந்தது. இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. திங்கட்கிழமை அவள் ஆன்லைனுக்கு வரவில்லை. பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய் அவள் போன் பண்ணியதற்கு, செவ்வாய் காலையும் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே பிரவுசிங் சென்டரில் உட்காரலாம் என்றால், நோயாளிகளின் விவரமாம், நாலு பேர் பார்க்கிற இடத்தில் திறக்கக் கூடாதாம். பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அந்தத் தெருவில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள்.

"நம்ம வீட்ல நெட் இருக்கில்ல, வரச் சொல்லவாம்மா?" என்றாள் வைஷாலி.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கால் நிற்கும், அந்தப் பெண்ணின் வேலையும் நிலைக்கும். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்கு இத்தனை கலவரம் என்று நினைத்தேன். செவ்வாய் காலையில் பூபாலன் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஹெலன் பின்னாலேயே கீபோர்டும் ஒயர்களுமாக வந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில், சீர்ப் பாத்திரங்களை நகர்த்தி, மேஜை போட்டுக் கொடுத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னதைக் கேட்டு எனக்கே பெருமையாக இருந்தது. காபி கொடுத்தேன். கொடுத்தது எவர்சில்வர் டம்ளரிலா பேப்பர் கப்பிலா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன், பேப்பர் கப்பில். கல்யாண வீட்டில் டம்ளர் கழுவ ஆள் இல்லை என்று அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் ஜாக்கெட் வாங்கத் தையல்காரரிடம் போனேன். திருக்கழுக்குன்றத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் கார் நிறுத்தும் இடத்தில் ஹெலன் உட்கார்ந்திருக்கிறாள். டைல்ஸ் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே இஸ்திரி போடுகிற ஸ்டூல், அதில் கம்ப்யூட்டர். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே போகிறது. திரையில் வெயில் அடிக்காமல் இருக்க ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேர்வை வழிந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே ஓடினேன். சமையலறையில் ஜெகதாம்பாள் சாவகாசமாகக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கௌரி பூஜைச் சாமான்கள் இருக்கிறதே, உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, நான்தான் அந்தப் பெண்ணிடம் பக்குவமாகச் சொன்னேன், அதுவும் உடனே எழுந்துகொண்டது, நல்ல பெண் என்றாள். பக்குவமாக என்ற வார்த்தையை அவள் சொன்ன அழகில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் எங்கே என்று கேட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹெலன் வெளியே போனதைப் பார்த்தாராம். காற்றுக்காகப் போயிருப்பாள் என்று நினைத்தாராம். வைஷாலி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள்.

வெளியே வந்து ஹெலனை உள்ளே கூப்பிட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றினாள். பின்னால் ஆள் நடமாட்டம் தெரிகிறது என்று மேலதிகாரி ஏற்கெனவே எழுதிவிட்டாராம். சாப்பாட்டு இடைவேளை முடிந்து தனி அறையிலிருந்து வராவிட்டால் இன்றோடு சரி என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அறையில் உட்கார், நான் வாசலில் காவல் இருக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்றேன்.

"உங்க வூடு வேணாம்மா," என்றாள் ஹெலன். "எங்க வூட்டுக்கு லைன் வந்தா போதும். அங்க என்ன யாரும் எழுந்துக்க சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மளிகைக் கடையில் இது வேண்டாம், அது கொடுங்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள். காலையிலிருந்து நான் எதைக் கொடுத்தோம் என்று நினைத்திருந்தேனோ, அது அவள் கேட்காதது. அவள் கேட்டது என் வாசலில் என் பந்தக்காலுக்குக் கீழே அறுந்து கிடந்தது.

பூபாலன் கேட்டுக்கு வெளியே, காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மகள் வெளியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவரிடம், அன்றைக்குக் கடப்பாரை பட்டது வேர்தானா என்று கேட்டேன்.

"வேரு இல்லம்மா," என்றார். "ஆரஞ்சு பைப்பு. அப்பவே கண்ல பட்டுச்சு. நல்ல காரியத்துல எப்டிமா சொல்றது? சொன்னா எங்கையால கெட்டுச்சுன்னு ஆய்டுமே."

ஞாயிற்றுக்கிழமையே அவருக்குத் தெரியும். பெண்ணின் வேலை கை நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், என் பெண்ணின் கல்யாணம் கெட்டது என்று பேச்சு வரக் கூடாதே என்று. எனக்குத் தலை சுற்றியது. யாருக்காக யார் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றே விளங்கவில்லை.

ஏசுபாதமும் ஆட்களும் புளியமரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்து காலை எடுங்கள் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏசுபாதம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் குழி வெட்டுவோம், கேபிளை ஒட்டுவோம், ஆனால் மங்கலக் காலில் கை வைக்க மாட்டோம், வீட்டுக்காரர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். கழுத்தில் சிலுவை போட்டிருக்கிற மனிதர். பூபாலன் பக்கம் திரும்பினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சரி என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே காலைப் பிடித்தேன். அசையவில்லை. அவ்வளவு ஆழமாக நடச் சொன்னது யார்? இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. ஜெகதாம்பாள் வாசலுக்கு வந்து என்னவோ சொன்னாள், இவர் பேப்பரோடு வந்து நின்றார். பயமாக இருந்தது. நிஜமாகவே பயம். போன வருஷத்துப் பக்கெட் கண் முன்னால் வந்தது. நான் செய்வது சரியா தப்பா என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

வைஷாலி மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்தாள். கல்யாணப் பெண், கால் நட்டால் வாசற்படி தாண்டக் கூடாது என்று நான்தான் கட்டுப்பாடு போட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஹெலன் கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பார்த்தாள். செருப்பைக்கூடப் போடாமல் வந்து எனக்குக் கீழே காலைப் பிடித்தாள். இரண்டு பேரும் இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இழுத்ததில் அது மெதுவாக மேலே வந்தது. நுனியில் ஈர மண்ணும், நசுங்கிய ஆரஞ்சுக் குழாயின் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. காலைக் கீழே போட வேண்டாம் என்று பெண்ணே சொன்னாள். சொல்லிவிட்டுத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

ஆட்கள் குழியை அகலமாக வெட்டினார்கள். உள்ளே அவ்வளவு ஆட்டம் போட்ட கேபிள் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதற்குள் மயிரிழை மயிரிழையாகக் கண்ணாடி நூல், நீலம், ஆரஞ்சு, பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் நிறம். ஏசுபாதம் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலாகத் துடைத்து, சின்ன மெஷினுக்குள் வைத்து ஒட்டினார். அந்த நூலில் ஒன்று டவருக்கு, ஒன்று பாங்குக்கு, ஒன்று மாதா கோயில் தெருவுக்கு. எது எது என்று கேட்டேன். அவருக்கும் தெரியாதாம், நிறத்துக்கு நிறம் ஒட்டினால் போதுமாம். ஹெலன் பக்கத்தில் நின்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டு இடைவேளை கரைந்துகொண்டிருந்தது. வெயில் தாங்காமல் இவர் அவளிடம் குடையைக் கொண்டுபோய் நீட்டினார். அவள் அதை வாங்கி வைஷாலிக்குப் பிடித்தாள்.

நெட் வந்துவிட்டது என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். ஹெலன் ஓடினாள். பூபாலன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்ல நேரமும் இல்லை. வைஷாலி இன்னும் காலைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காம்பவுண்டுக்குள் டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்டது. பூபாலன் விட்டுப் போயிருந்த கடப்பாரையை வைத்துக்கொண்டு இவர்தான் ஈசானிய மூலையில் இடித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பத்திரிகை வைக்கப் போனேன். மாதா கோயில் தெருவுக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. எங்கள் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம். தட்டில் குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பி, கடைசியில் வாசலில் நின்று சிமிழை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு மூலையில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். வேலை இருந்தது. நிரந்தரமாக இருக்குமா என்று தெரியாது, இன்றைக்கு இருந்தது. இடைவேளை வரும்வரை காத்திருக்கச் சொல்லிப் பூபாலன் எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஹெலன் வந்ததும் பத்திரிகையைக் கொடுத்து, அவசியம் குடும்பத்தோடு வர வேண்டும் என்றேன். அவள் பிரித்துப் படித்தாள். மண்டபத்தின் பெயரை விரலால் தடவினாள்.

"வர்றோம்மா," என்றாள். "ஆனா எங்க ஒக்காரணும்னு இப்பவே சொல்லிடுங்க. ஒக்காந்தப்புறம் எழுந்துக்க சொன்னா எங்கப்பா தாங்க மாட்டாரு."

"எனக்குப் பக்கத்துல உக்காரு," என்றேன். யோசிக்காமல் வந்த பதில். சொன்னதும் மனசுக்கு இதமாகவும் இருந்தது.

"நீங்க மேடையில இல்ல இருப்பீங்க," என்றாள் ஹெலன்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. முகூர்த்தம் முடியும்வரை நான் மேடையில்தான் இருப்பேன். கீழே வருகிறவர்களை வரவேற்று, யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்துக்கொள்ளப் போகிறவள் ஜெகதாம்பாள். அவளுக்குத்தான் அதெல்லாம் பக்குவமாகச் செய்ய வரும் என்று அந்தப் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்திருந்தேன்.